சாரோட புது நம்பர்

சிரிக்கத்தான் போறீங்க. ஆனா இப்பவே வாயைத் திறந்துடாதீங்க. இனிகோவே அந்தச் சிரிப்பை மாசக்கணக்கா அடக்கி வச்சிருந்தான்.

பிளஸ் ஒன் படிக்கும் இனிகோவுக்கு வராத குரல் கிடையாது. பங்குச் சாமியார், "வத்தலக்குண்டு, வத்தலக்குண்டு" என்று கூவும் கண்டக்டர், எல்லாம் அச்சு அசல். டாக்டர் அவனை எடை மிஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "தினம் நட தம்பி. இல்லேன்னா உங்கப்பா மாதிரி நீயும் சர்க்கரைக்கு ஊசி போட வேண்டியிருக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து அதையும் டாக்டர் குரலிலேயே பேசிக் காட்டினான். அம்மா ஆரோக்கியம்மாள் சிரிக்கவில்லை.

"நான் நடக்குறதா? அந்தக் குண்டன் ஜெரோமை ஓட வைக்கிறேன், பாரும்மா!"

புது சிம் ஒன்றைப் போட்டான். கூட்டாளிக்கு மெசேஜ் பறந்தது.

"ஏலே ஜெரோம், பி.டி. மாஸ்டர் ராயப்பராஜ். இது என் புது நம்பர். காலைல மலைக்கோட்டையைச் சுத்தி ஓடு. ஃபுட்பால் டீம்ல இடம் உண்டு. யார்ட்டயும் மூச்சு விடாத."

மறுநாள் விடிந்ததும் ஜெரோம் தொப்பை குலுங்க ஓடினான்.

கண்ணால் பார்க்காத கூத்தில் என்ன ருசி? சைக்கிளில் போனால் செயின் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இனிகோவும் பின்னாலேயே நடந்தான். ஜெரோம் வேகமெடுக்க, இவனும் ஓட வேண்டியதாயிற்று.

"ஏலே, கால்ல பூட்டா தொங்குது? எட்டி வைடா!"

மெசேஜைப் படித்ததும் ஜெரோம் செல்லுக்கே சல்யூட் அடித்துவிட்டு ஓடுவான். புளியமரத்துக்குப் பின்னால் இனிகோ வாயைப் பொத்திக்கொள்வான்.

மழை போனது. கிறிஸ்மஸும் போனது. இனிகோவின் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.

"பரவாயில்லையே, இனி பயமில்ல. இப்படியே நட" என்றார் டாக்டர்.

அது எங்கே அவன் காதில் ஏறியது? இன்றைக்குக் குட்டை உடைத்துச் சிரித்துவிட வேண்டியதுதான் என்று நேரே மைதானத்துக்கு ஓடினான். உட்கார்ந்திருந்த ஜெரோமின் முதுகுக்குப் பின்னால் நின்று, சார் குரலில் உறுமினான்.

"ஏலே! எந்திரி! ஓடு!"

ஜெரோம் திரும்பவேயில்லை. "உக்காருலே இனிகோ."

"தெரிஞ்சுபோச்சா? எப்படா?"

"முதல் ஞாயித்துக்கிழமையே. கோயில்ல, காலைப் பூசையில, சார் வாசகம் வாசிச்சிட்டிருக்கார். அதே சார் என் பாக்கெட்டுக்குள்ள இருந்து, 'எங்கடா போய்த் தொலைஞ்ச?'ங்குறார்."

சிரிக்க வந்த இனிகோ பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்புறம் எதுக்குடா இம்புட்டு நாளா ஓடுன?"

ஜெரோம் செல்லை எடுத்து எதையோ தட்டினான். இனிகோவின் பையில் கள்ள நம்பர் சிணுங்கியது.

"சார், அன்னைக்குப் பூசை முடிஞ்சதும் இனிகோ அம்மாதான் எல்லாத்தையும் சொல்லி, 'அவனுக்கும் அப்பா மாதிரி சர்க்கரை வந்துருமோ'ன்னு அழுதாங்க. அவன் பின்னாடி வரணும்னா நான் முன்னாடி ஓடித்தானே ஆகணும்? நாளைக்கும் துண்டோட வந்துருங்க சார்."