ஹாக்பிக்காரன்

க்ளேட்டன் ஹாக்பி காரை விட்டு இறங்கியதுதான் தாமதம், பேண்டு வாத்தியம் முழங்கியது. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மழையில் ஹாக்பி கிராமமே குடை பிடித்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தது.

"பாத்தியா டார்லீன்!" என்று மனைவியை இடித்தார். "அமெரிக்காவுல, ஒஹையோவுல என் பேரைச் சொன்னாலே சிரிப்பானுங்க. இங்கே ஊருக்கே என் பேரு!"

பேரில் 'ஹாக்' இருந்ததால் பள்ளிக்கூடத்தில் அவரைப் 'பன்னி' என்றுதான் கூப்பிட்டார்கள், பாவம். இந்த ஊர்க்காரர்கள் ஒரே ஒரு தடவை 'நீ எங்காளு' என்று சொல்லிவிட்டால் போதும், அவர் பட்டதெல்லாம் தீர்ந்துவிடும்.

கை குலுக்கிய ஒவ்வொருவரும் அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒருவர் கார் டிக்கியையே திறந்து பார்த்துவிட்டார். பெட்டி தூக்க இவ்வளவு போட்டியா என்று க்ளேட்டன் பூரித்துப்போனார்.

ஊர்த் தலைவி மேபல் அம்மாள் மண்டபத்துக்குள் அழைத்துப்போய் டீயும் கேக்கும் கொடுத்தாள்.

"ஹாக்னா பன்னி, தெரியும். 'பி'ன்னா என்னங்க?" என்று கேட்டார் க்ளேட்டன்.

"ஊரு. பன்னியூரு, தம்பி."

"வர்ற வழியில ஒரு பன்னியைக்கூடக் காணோமே?" என்றாள் டார்லீன். வாசலில் முழங்கிக்கொண்டிருந்த வாத்தியம் சட்டென்று நின்றது.

க்ளேட்டன் அவசரமாகப் பேச்சை மாற்றினார். "இங்கே எத்தனை ஹாக்பி குடும்பம் இருக்கு?"

"ஒண்ணுகூட இல்லே."

"என்னது!"

"ஊருக்குள்ளேயே கிடக்குறவனை எவனாச்சும் ஊர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவானா? வெளியூர்ல போய்க் குந்துனாத்தானே 'அந்த ஹாக்பிக்காரன்'னு பேரு ஒட்டும்! அந்தக் காலத்துல இங்கேருந்து போனது ஒரே ஒருத்தன்தான்."

க்ளேட்டனுக்குப் புல்லரித்தது. "அவர்தான் எங்க முப்பாட்டனார்! அப்போ நானும்..."

"எங்காளுதான். சந்தேகமே இல்லே." மேபல் அம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது. க்ளேட்டன் வாய்விட்டே அழுதுவிட்டார்.

"அவரு ஏங்க போனாரு? ராஜா சண்டைக்குக் கூப்பிட்டாரா?"

"அட நீ வேற! ராவோட ராவா ஓடிட்டான். அதுவும் தனியா ஓடலே."

மண்டபக் கதவை யாரோ தாழ் போட்டார்கள். பிடித்த கையை அவள் விடவே இல்லை.

"எங்கடா எங்க பன்னி?"