ஆட்டத்துக்கு ஒரு கோல்

“மச்சான், உன்னை முன்னாடி போகச் சொல்றாரு. ஆறு நிமிஷம் இருக்கு. மானத்தை வாங்கிடாதே.”

சொல்லிவிட்டு ரீஸ் வந்த வழியே திரும்பி ஓடினான். பயிற்சியாளரின் சொல்லைக் களத்துக்குள் கொண்டுவருகிற தூதன் அவன். கோல் விழுந்தால்தான் தூதன் உள்ளே கால் வைக்கலாம் என்பது சட்டம். இவர்கள் அணி அப்போதுதான் ஒன்று போட்டிருந்தது.

ஹீத் டொனெலி முன்பக்கம் நடக்கத் தொடங்கினான்.

பதினேழு வருஷமாகத் தங்கள் பக்கத்துக் கம்பங்களைக் காவல் காத்தவன். கையாலும் காலாலும் ஆடுகிற ஆஸ்திரேலியக் கால்பந்தில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு ஆட்டம். இன்றைக்குக் கடைசி. பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே கோல் என்ற இடத்தில் இன்னமும் பூஜ்யம்தான் உட்கார்ந்திருந்தது.

அணி முப்பத்தெட்டுப் புள்ளி முன்னால் இருந்தது. ஜெயித்தாயிற்று. அவன் நடுக்கோட்டைத் தாண்டியதும் மெல்பர்ன் கூட்டத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. இறைச்சி பப்ஸைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கையிலேயே பிடித்தபடி எழுந்து நின்றார்கள்.

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் வாழ்க்கையில் முதல் கோல் போட்டால் அணி மொத்தமும் ஓடிவந்து அவன்மேல் விழும். மறுகோடியில் நிற்பவன்கூட மூச்சிரைக்க வந்து சேருவான். ஹீத் அப்படி எத்தனையோ பையன்கள்மேல் போய் விழுந்திருக்கிறான்.

அந்த ஓட்டம் ஒரே ஒரு தடவை தன்னை நோக்கி வரவேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. முப்பத்தாறு வயதில் இதைப் போய் யாரிடம் சொல்வது? மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அவன் முதன்முதலாக ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது இந்த ரீஸைத்தான். இருவருக்குமே அது முதல் ஆட்டம். அப்படி ஒரு மழை. கம்பங்களுக்கு முன்னால் ஆறேழு பேர் சேற்றில் குவியலாகக் கிடக்க, பந்து யார் காலிலோ பட்டு உள்ளே வழுக்கிக்கொண்டு போனது. ஒலிபெருக்கி ரீஸின் பெயரைச் சொன்னது. அணி முழுக்க அவன்மேல் பாய்ந்தது.

அடுத்த வாரப் பயிற்சியில் ரீஸின் முழங்கால் போயிற்று. மூன்று அறுவை சிகிச்சை செய்தும் சரியாகவில்லை. அவன் ஆடியது அந்த ஒரே ஆட்டம், போட்டது அந்த ஒரே கோல்.

அதற்காக வாயைச் சும்மா வைத்திருப்பானா? “என் சராசரி ஆட்டத்துக்கு ஒரு கோல். உன் சராசரி என்னடா?” கல்யாண வீடோ பிறந்தநாளோ, எங்கே பார்த்தாலும் நாலு பேர் காதுபடக் கேட்பான். ஹீத் சிரித்துக்கொண்டே அவன் கோப்பையில் பியரை ஊற்றுவான்.

முதல் பந்து ஹீத்தின் தலைக்கு மேலே போய்விட்டது. இரண்டாவது கைக்கே வந்து விரலிடுக்கில் நழுவியது. மைதானமே தலையில் கை வைத்துக்கொண்டது.

ஒரு நிமிஷம் பாக்கி. அணியின் இளைய பையன் ஒருவனுக்குப் பந்து கிடைத்தது. எதிரே யாரும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு உதைத்தாலும் கோல். அவன் என்னடாவென்றால் திரும்பி நின்று ஹீத்தைத் தேடி உதைத்தான். வேறு நாளாக இருந்தால் பயிற்சியாளர் அவன் தோலை உரித்திருப்பார்.

ஹீத் பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். காற்றில் பிடித்தவனுக்குத் தடையில்லாமல் ஓர் உதை உண்டு. நாற்பது மீட்டர், கொஞ்சம் பக்கவாட்டில்.

எதிரணிக்காரன் முன்னால் வந்து நின்று கையை உயர்த்தினான். “பெரிசு, நாலு கம்பம் இருக்கு. நடு ரெண்டுக்குள்ள போனாத்தான் கோல். மறந்துடாதே.”

“நீ வாயை மூடு, நான் எண்ணிக்கிட்டிருக்கேன்.”

ஓடிவந்து உதைத்தான். அவ்வளவு அசிங்கமான உதையை அந்த மைதானம் வெகுநாளாகப் பார்த்ததில்லை. பந்து நொண்டி வாத்து மாதிரித் தள்ளாடிப் போய், ஒரு கம்பத்தை உரசாமல் உரசி உள்ளே விழுந்தது.

கம்பத்தடியில் நின்ற நடுவர் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நீட்டினார். கோல்.

எல்லாரும் ஓடிவந்தார்கள். மறுகோடியில் நின்றவனும் வந்தான். ஹீத் அடியில் கிடந்து, மூச்சு முட்ட முட்டச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வேறு.

குவியல் ஒவ்வொருவராகக் கலைந்தது. கடைசியாக நொண்டிக் காலோடு ரீஸ் வந்து நின்றான். கோல் விழுந்துவிட்டதே, அவன் வரலாம்.

“என்ன சொல்லி அனுப்பினாரு?”

“அவர் ஒண்ணும் சொல்லல, நானாத்தான் வந்தேன்.” ரீஸ் கை கொடுத்துத் தூக்கி அவனைக் கட்டிக்கொண்டான். “உன் ரெண்டாவது கோலும் நல்லாத்தான்டா இருந்துச்சு.”

ஹீத்துக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்குச் சேற்றில் பந்தைத் தள்ளியது ஹீத்தின் கால்தான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டான், அதற்குள் ரீஸின் முழங்கால் போய்விட்டது. அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? பதினேழு வருஷமாக அது தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தான்.

“உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“என் கால்ல படாத பந்து எனக்குத் தெரியாதா?” ரீஸ் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “வெளிய சொல்லித் தொலைச்சிடாதே மச்சான். என் சராசரி போயிடும்.”