மாடியில் கொஞ்ச நேரம்

மொட்டை மாடிக்குப் போகுமுன் ஜெசிந்தா தன் காதிலிருந்த துணைமணியைக் கழற்றி, வழக்கம்போல் சர்க்கரை டப்பாவின்மேல் வைத்தாள். வீட்டிலுள்ளவர்களின் குரலும் இதயத்துடிப்பும் இரவும் பகலும் அதில் கேட்டுக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் வீடே பதிந்துவைக்கும்; தேவைப்பட்டால் வாய்திறந்து பேசவும் செய்யும். அதைக் கழற்றிவைக்கும் மனைவியைத் தூத்துக்குடியில் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். அவள் கணவன் அல்போன்ஸ் மட்டும் சிரித்தான்.

"போயிட்டு வாட்டி. கீழ இறங்கி வரும்போதுதான் மனுஷி மாதிரி பேசுத."

"அப்போ மத்த நேரம் பேயா?"

"அத என் வாயால வேற சொல்லணுமாக்கும்?"

மாடியில் அவள் எதுவும் செய்வதில்லை. உப்புக்காற்றில் சும்மா உட்கார்ந்திருப்பாள். அன்று இறங்கி வந்தபோது அவன் சமையலறைத் தரையில் கிடந்தான். மூச்சு இல்லை.

அடக்கம் முடிந்ததும் நாத்தனார் கேட்டாள்: "மணி காதுல கெடந்திருந்தா எங்கண்ணன் இருந்திருப்பாங்கல்லா, மதினி?"

எல்லோரும் போன பிறகு, அவன் விழுந்த அன்றைய பேச்சை ஜெசிந்தா வீட்டிடம் கேட்டு வாங்கி ஒலிக்கவிட்டாள். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகியதும், "மாடியில் மணி அடிக்கட்டுமா?" என்று வீடு கேட்டிருந்தது.

"வேண்டாம், வாய்வாத்தான் இருக்கும். அவ இப்பதான் போயி உக்காந்திருக்கா. கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கட்டும்."

மறுநாள் மாலை, வாய்விட்டு அழுவதற்காகவே அவள் மாடியேறினாள். அழவும் செய்தாள். இறங்கி வரும்போது, எப்போதும்போல, மனசு லேசாகத்தான் இருந்தது.