தரச்சான்று பெறாத கணவர்

கம்ப்யூட்டர் துப்பாக்கிச் சண்டைப் போட்டிகளில் விளையாடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி கம்ப்யூட்டர், ஒரே மாதிரி மவுஸ், ஒரே மாதிரி நாற்காலி என்று சட்டம் வந்த பிறகும் ஈரோட்டுப் பூங்கோதைதான் ஜெயித்துக்கொண்டிருந்தாள். சந்தேகப்பட்ட போட்டி ஆய்வாளர் வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "உடாத கோதை, உடாத!" என்று கத்திக்கொண்டிருந்த மாசிலாமணி அப்போதுதான் அவர் கண்ணில் பட்டார்.

"இவரு யாருங்க?"

"என்ற வீட்டுக்காரருங்க."

"மத்தவங்களுக்கு இந்தப் பாகம் இல்லீங்களே? ஒண்ணு கழட்டிருங்க, இல்லீன்னா எதிராளிக்கும் சமமாக் குடுங்க."

ஆகவே இறுதிப் போட்டியின் இரண்டாம் பாதியில் மாசிலாமணி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அரங்கின் மறுபக்கம், எதிராளி ரெஜினாவிடம் போனார். பூங்கோதைக்குக் கையே ஓடவில்லை. அவரோ நேர்மையான மனிதர். "உடாதீங்கம்மா!" என்று ரெஜினாவுக்காகத் தொண்டை வறளக் கத்தினார். ஆனால் திரையில் ரெஜினா கடைசியாகப் பூங்கோதையின் முதுகுக்குக் குறி வைத்தபோது வாய் அவரை மீறிவிட்டது.

"கோதை, பின்னாடி வர்றா, திரும்பு!"

பூங்கோதை திரும்பினாள், சுட்டாள், ஜெயித்தாள்.

வெற்றி செல்லாது என்று கோப்பை ரெஜினாவுக்குப் போனது. தலைகுனிந்து நின்ற மாசிலாமணியின் சட்டையில் ஆய்வாளர் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார்: 'தரப்படுத்த இயலாதது. வீட்டு உபயோகத்துக்கு மட்டும்.'

அவமானத்தில் அவர் அதைப் பிய்க்கப் போனார். பூங்கோதை கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோப்பை போனாப் போகுதுங்க. அதை மட்டும் கிழிச்சுராதீங்க."