ஆம்புலன்ஸுக்கு வழி

“ஓகா, பின்னாடி ஆம்புலன்ஸ் வருது. நமக்கு இன்னிக்கு நல்ல நேரம்!” என்றான் டாக்சி டிரைவர் ரசாக்கி.

எங்கள் லாகோஸில் டாக்சியில் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் ‘ஓகா’தான், முதலாளிதான். இன்றைய முதலாளி டாக்டர் அம்பொன்சா. கானா நாட்டுக் குமாசியிலிருந்து காலை விமானத்தில் வந்து இறங்கியவர்.

பதினோரு மணிக்கு அவர் விக்டோரியா தீவு ஹோட்டலில் மேடையில் இருக்க வேண்டும். அவருடைய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு கட்ட நன்கொடை அறிவிக்கப் போகிறார்கள். ஆள் வரவில்லை என்றால் அது வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். இப்போதே மணி பத்தேகால். டாக்சியோ தீவுக்குப் போகும் நீளமான பாலத்தின் நடுவில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது.

“ஆம்புலன்ஸ் வந்தா நமக்கு என்னப்பா நல்ல நேரம்?”

“அது வாலைப் பிடிச்சுக்கிட்டே போயிடலாம். அரை மணியில ஹோட்டல். இங்க எல்லாரும் அப்படித்தான் போவாங்க.”

டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது.

“உள்ள ஒரு உயிர் ஊசலாடிக்கிட்டு இருக்கும். நீ எரியற வீட்டுல பிடுங்கினது லாபம்னு பாக்கறியே, வெக்கமா இல்ல?”

ரசாக்கி சிரித்தான்.

“உயிராவது ஒண்ணாவது! எவனாவது பெரிய மனுஷன் இருப்பான் ஓகா. டிராஃபிக்குக்குப் பயந்து வாடகைக்கு எடுத்திருப்பான்.”

“சீ! நெஞ்சுல ஈரமே இல்லாத பேச்சு.”

ரசாக்கியின் சிரிப்பு நின்றது.

“எனக்கா ஈரமில்ல? போன வருஷம் என் தம்பி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தான். ஆம்புலன்ஸ்லதான் கொண்டு வந்தோம். இதே பாலத்துல, சைரன் அலற அலற ஒரு மணி நேரம் நின்னோம். உள்ள எவனோ கல்யாணத்துக்குப் போறான்னு நெனச்சுக்கிட்டு ஒருத்தனும் நகரல. பாலம் தாண்டறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.”

டாக்டர் சட்டென்று கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

“ஓகா! எங்க போறீங்க?”

“இன்னிக்காவது ஒருத்தன் பிழைக்கட்டும்!”

கோட்டும் டையுமாக ஒரு மனிதர் கொளுத்தும் வெயிலில் பாலத்தின் மேல் நின்று ஒவ்வொரு வண்டியாகத் தட்டித் தட்டி ஒதுக்குவதை அன்றுதான் ஊர் பார்த்தது.

“தள்ளுங்க! உயிர் போற விஷயம்! கொஞ்சம் தள்ளுங்கப்பா!”

“யோவ், டை கட்டின போலீஸ்காரரே!” என்று கத்தினான் மஞ்சள் வேன்காரன். “உள்ள படுத்திருக்கிறது உன் மாமனாரா?”

வாழைக்காய் சிப்ஸ் விற்கிற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டர் அசரவில்லை. ஒரு லாரியின் கொக்கியில் மாட்டிக் கோட்டின் முழங்கை கிழிந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

மெல்ல மெல்ல வழி பிறந்தது. ரசாக்கியும் கண்ணாடியை மடக்கிவிட்டு, கைப்பிடிச் சுவரில் பெயின்ட் உரச உரச டாக்சியை ஓரம் கட்டினான்.

திரை போட்ட ஆம்புலன்ஸ் அவர்களைத் தாண்டிப் பறந்தது. டாக்டர் கண்ணை மூடி, முகம் தெரியாத அந்த நோயாளிக்காக ஒரு ஜெபம் சொன்னார். அதற்குள் நாலைந்து கார்கள் அதன் வாலில் ஒட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன.

“ஓகா, சீக்கிரம் ஏறுங்க. இன்னும் பிடிச்சுடலாம்.”

“வேண்டாம் ரசாக்கி. வார்டு போனாப் போகட்டும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.”

ரசாக்கி பன்னிரண்டு வருஷமாக ஏர்போர்ட் சவாரி ஓட்டுகிறான். இப்படி ஒரு மனிதரை ஏற்றியதில்லை. கைக்குட்டையை எடுத்து அவரிடம் நீட்டினான்.

ஹோட்டலை அடைந்தபோது பதினொன்றே முக்கால்.

வாசலில் அதே ஆம்புலன்ஸ்!

“ஐயோ, இங்க யாருக்கு என்ன ஆச்சு?” டாக்டர் பதறி ஓடினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரசாக்கியும் பின்னால் ஓடினான்.

ஆம்புலன்ஸின் படியில் ஒரு காலை வைத்திருந்த அம்மாள் திரும்பினாள். தலையில் கோபுரம் மாதிரி துணிக்கட்டு, கையில் ஒரு பெயர்ப்பலகை. அதில் ‘டாக்டர் அம்பொன்சா’.

“வந்துட்டீங்களா டாக்டர்! நான் அபிகே, விழாக் கமிட்டி செயலாளர். உங்களை ஏர்போர்ட் பூரா தேடிட்டு வெறும் வண்டியோட திரும்பினேன். இப்ப மறுபடியும் தேடத்தான் கிளம்பினேன். நீங்க டிராஃபிக்ல மாட்டக் கூடாதேன்னு உங்களுக்காகவே ஏற்பாடு பண்ணின வண்டி இது!”

டாக்டர் ஆம்புலன்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். படுக்கை காலி.

“பாலத்துல யாரோ ஒரு புண்ணியவான் இறங்கி வழி பண்ணிக் கொடுத்தாராம். இல்லன்னா நானும் அங்கேயேதான் கிடந்திருப்பேன். கவலைப்படாதீங்க, நன்கொடை தர்ற சேர்மனே இன்னும் வரல. அவரும் பாலத்துலதான் நிக்கறாராம். உங்க வார்டு எங்கயும் போகல.”

ரசாக்கி பெட்டியைக் கீழே வைத்தான். இப்போது இந்த அம்மாளுக்கு நல்ல பாட்டு விழும் என்று டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அம்மாள் விடவில்லை. “நாளைக்குக் காலையில பத்து மணிக்கு விமானம், இல்லையா? ஏர்போர்ட்டுக்கு இதையே அனுப்பட்டுமா?”

டாக்டர் ரசாக்கியைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“குமாசியில நாளைக்கு எனக்கு ஒரு முக்கியமான ஆபரேஷன் இருக்கு, அதனால கேக்கறேன்... உள்ள படுத்துக்கிட்டுத்தான் போகணுமா, இல்ல உக்காந்துக்கிட்டே போகலாமா?”