இறுகிப்போன ஓடு

கடலோரப் பாறையின் இரு பக்கமும் இரண்டு நண்டுகள் வசித்தன. கறுப்பு நண்டுக்குப் பழைய ஓடு இறுகி மூச்சு முட்டியது. கழற்றினாலோ, புது ஓடு கெட்டிப்படும்வரை உடம்பு வெண்ணெய் போல இருக்கும். எதிரே சிவப்பு நண்டு எந்நேரமும் கொடுக்கைத் தூக்கியபடி நின்றது. அதனால் கறுப்பு நண்டும் தன் கொடுக்கை இறக்கவில்லை.

ஒரு நாள் ஓடு தானாகவே வெடித்துவிட்டது. மெத்தென்று வெளியே வந்த கறுப்பு நண்டு பயத்தில் ஒடுங்கியது.

"அப்பாடா, கழற்றிட்டீங்களா அண்ணே!" என்றது சிவப்பு நண்டு. "எனக்கும் ஓடு இறுகி உயிர் போகுது. உங்க கொடுக்குக்குப் பயந்துதான் அடக்கிக்கிட்டு இருந்தேன்."

"என்னைத் தின்ன மாட்டியா?"

"தின்னுட்டா அப்புறம் எனக்கு யார் காவல்? சீக்கிரம் கெட்டியாகுங்க. அடுத்து என் முறை."

கறுப்பு நண்டு மணலில் கால் நீட்டிப் படுத்தது. சிவப்பு நண்டு அதற்கு முதுகைக் காட்டி, கொடுக்கைக் கடல் பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.