அக்டோபரிலேயே ஓய்வு

“உங்களுக்குக் கவலையே இல்ல ஃபிடெல்மா. அறுபது வயசுக்கு முன்னாடி வேலைய விட்டவங்களுக்குத்தான் பல்லு, கண்ணு சலுகையெல்லாம் சிக்கல். உங்க வீட்டுக்காரர் அதைத் தாண்டினப்புறம்தானே ஓய்வு வாங்கினாரு? ரெண்டு பேருக்கும் தொடரும்,” என்றாள் மூக்குக் கண்ணாடிக் கடை ஓர்லா.

“மலாக்கியா? காலையிலகூட பஸ் ஓட்டத்தானே கிளம்பினாரு.”

ஓர்லா கணினித் திரையைப் பார்த்தாள். “அக்டோபர்லயே ஓய்வுன்னு இருக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏதாவது தப்பாக்கூட இருக்கும்,” என்றாள்.

இப்போது ஜூன். எட்டு மாதம். தினமும் காலை ஏழு மணிக்குச் சீருடைக் கோட்டு, சாண்ட்விச் டப்பா. மனிதர் எங்கேதான் போகிறார்?

ஸ்லைகோ மாதிரி சின்ன அயர்லாந்து ஊரில் இப்படி விஷயங்கள் வெளியே வந்தால் எப்படி முடியும் என்று ஃபிடெல்மாவுக்குத் தெரியும். யோசிக்க யோசிக்க எல்லாமே சந்தேகமாகத் தெரிந்தது. பேசும்போது மலாக்கி முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் காதுக்கு அப்பால் எங்கேயோ பார்க்கிறார். கார் சாவியையும் அவளிடமே கொடுத்துவிட்டார்.

சாப்பாட்டு மேஜையில் மெல்ல ஆரம்பித்தாள். “இன்னைக்கு எந்த ரூட்டு?”

“ஸ்ட்ராண்ட்ஹில். கடற்கரைக்கு ஒரே கூட்டம்.”

“இந்த மழையிலயா?”

“மழைக்குப் பயந்தா நம்மாளுங்க என்னைக்குக் கடலைப் பாக்குறது?”

“தெரிஞ்சவங்க யாரும் ஏறலையா?”

“முகத்தையெல்லாம் யாரு பாக்குறா?” உருளைக்கிழங்கை நிதானமாக மசித்தார்.

மனிதர் எவ்வளவு கூசாமல் பொய் சொல்கிறார்!

மறுநாள் பின்தொடர்ந்தாள். மலாக்கி பஸ் டிப்போவைத் தாண்டி நடந்தார். ஆற்றங்கரையில் சிவப்புக் கோட்டுப் பெண் ஒருத்தி காத்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். அவள் ஏதோ சொல்ல, மலாக்கி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வீட்டில் கேட்டு மாதக்கணக்காகிறது. அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில், பாலத்தின் மேல் நடந்தார்.

முப்பத்து நான்கு வருடக் குடித்தனம். ஃபிடெல்மா பக்கத்துப் பாலம் வழியாக ஓடி, பாலத்தின் மறுமுனையில் நேருக்கு நேராகப் போய் நின்றாள். கேட்க வேண்டிய வார்த்தைகள் தொண்டை வரை வந்திருந்தன.

சிவப்புக் கோட்டுக்காரி கையை விடுவித்துக்கொண்டு பின்னால் ஒதுங்கினாள். “இனி நீங்களே போங்க,” என்றாள்.

மலாக்கி நேராக ஃபிடெல்மாவை நோக்கி வந்து, ஒரு கை தூரத்தில் நின்றார். முகத்தில் துளிக்கூடக் குற்றவுணர்ச்சி இல்லை. கோட்டுக்குள்ளிருந்து எதையோ எடுத்து உதறினார். மடிப்பு மடிப்பாக விரிந்தது ஒரு வெள்ளைக் கோல்.

“மன்னிச்சுக்குங்கம்மா, தபால் ஆபீஸ் இந்தப் பக்கம்தானே?” என்றார் சிரித்துக்கொண்டே. “முப்பது வருஷம் இதே தெருவுல பஸ் ஓட்டினவன்தான். இந்த டீச்சர்கிட்ட தனியா நடக்கப் பழகிக்கிட்டு அப்புறமா வீட்டுல சொல்லலாம்னு இருக்கேன்.”